மெசேஜைப் பார்த்துவிட்டு ஏன் பதில் போடாமல் விடுகிறார்கள்?

கேள்வியின் சுருக்கம்: அக்கரைப்பற்றில் வீட்டிலிருந்தபடி கொழும்பில் உள்ள ஓர் ஆட்சேர்ப்பு நிறுவனத்துக்கு வேலை செய்யும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆட்களைத் தேடி வட்ஸ்அப்பிலும் லிங்க்ட்இன்னிலும் மெசேஜ் அனுப்புகிறாராம். பார்க்கிறார்கள், பதில் இல்லை. “அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தனியார் வேலையில் ஆர்வம் இல்லை” என்று அவருடைய முகாமையாளர் சொல்கிறாராம். அது உண்மையா, இல்லையென்றால் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, அது உண்மை இல்லை. நான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு பல வருடமாக இதே வேலையைச் செய்கிறேன். நல்ல வெற்றிடம் ஒன்று இருக்கிறது, சொன்ன சம்பளத்தைக் கொடுக்கிற இடம் என்று தெரிந்தால் ஏறாவூரிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் ஆட்களே தேடி வந்து கேட்பார்கள். அரசாங்க உத்தியோகத்தின் மேல் இங்கே ஆசை அதிகம் என்பது சரிதான். பட்டம் முடித்த ஒருவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வரும் என்று காத்திருப்பதும் நடக்கிறது. ஆனால் காத்திருக்கிறவருக்கும் மாதம் பிறந்தால் காசு வேண்டும். அவர் பதில் போடாமல் விடுகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் உங்கள் மெசேஜிலேயே இருக்கும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கும். இங்கே வேலை மாறுவது ஒருவர் தனியாக எடுக்கிற முடிவு இல்லை. உங்கள் மெசேஜ் கிடைத்தவர் அன்றிரவு வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பார். “எந்தக் கம்பனி?” என்று அம்மா கேட்பார். “சம்பளம் எவ்வளவாம்?” என்று அண்ணன் கேட்பார். “எந்த ஊரில்? எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம்?” என்று கணவனோ மனைவியோ கேட்பார். மூன்றுக்கும் “தெரியாது, ஒன்றும் போடவில்லை” என்பதுதான் பதில் என்றால் கதை அதோடு முடிந்தது. ஆகவே மெசேஜை எழுதி முடித்ததும் அந்த வீட்டுக் கூடத்தில் அதை ஒருவர் சத்தமாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது வழக்கமாகப் போகிற மெசேஜை எடுத்துக்கொள்வோம். “முன்னணி நிறுவனம் ஒன்றில் கவர்ச்சிகரமான சம்பளத்துடன் அரிய வாய்ப்பு. ஆர்வமிருந்தால் உடனே சீவியை அனுப்பவும்.” கம்பனியின் பெயர் இல்லை, சம்பளம் இல்லை, ஊர் இல்லை. இதை ஏன் இப்படி எழுதுகிறோம் என்று எனக்கும் தெரியும். பெயரைச் சொன்னால் ஆள் நேரடியாகக் கம்பனிக்கே விண்ணப்பித்துவிடுவார், கம்பனியிடமிருந்து நமக்கு வரவேண்டிய கட்டணம் போய்விடும் என்ற பயம். சில வேளை இப்போது அந்தப் பதவியில் இருப்பவருக்குத் தெரியாமல் ஆள் தேடுவதால் கம்பனியே பெயரை மறைக்கச் சொல்லும். இரண்டும் நமக்கு நியாயமான காரணங்களாக இருக்கலாம். ஆனால் எங்கள் மக்கள் இதே மாதிரி எழுதப்பட்ட வேறு மெசேஜ்களால் சூடுபட்டவர்கள். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளூரில் நடப்பது ஒன்று. “முகாமைத்துவப் பயிலுநர்” என்று சொல்லி நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளை சேர்ட் மடிப்புக் கலையாமல் போனால் அங்கே ஒரு மண்டபத்தில் முப்பது நாற்பது பேரை இருத்தி வைத்து, கமிஷனுக்கு ஆள் பிடிக்கிற வேலையைப் பற்றி இரண்டு மணி நேரம் விளக்கம் கொடுப்பார்கள். சிலது உண்மையான காப்புறுதி விற்பனையாக இருக்கும், சிலது பிரமிட் திட்டமாக, அதாவது புதிதாகச் சேருகிறவர் கட்டுகிற காசை முன்னுக்குச் சேர்ந்தவர்களுக்குப் பங்கு போடுகிற ஏமாற்றாக, இருக்கும். பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கி பெயர்களை வெளியிட்டு எச்சரித்தபடிதான் இருக்கிறது. அப்படியும் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வெளிநாட்டு வேலைக் கதை இதைவிடப் பாரமானது. 2023, 2024 ஆண்டுகளில் தாய்லாந்தில் கணினி வேலை, தரவுப் பதிவு வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். அவர்களை மீட்கத் தூதரகங்கள் தலையிட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வந்ததும் வட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ வந்த ஒரு நல்ல மெசேஜ்தான். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த தாய் இப்போது உங்கள் மெசேஜைக் கேட்கிறார். பெயர் சொல்லாத கம்பனி, கவர்ச்சியான சம்பளம், உடனே அனுப்பு என்ற அவசரம், மூன்றும் அதிலும் இருந்தன. அவர் பயப்படுவது சரி.

நீங்கள் வெளிநாட்டு வெற்றிடங்களுக்கும் ஆள் தேடுகிறீர்கள் என்றால் முதல் மெசேஜிலேயே நிறுவனத்தின் உரிம இலக்கத்தை எழுதுங்கள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற முகவர் நிலையத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். “பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்” என்று நீங்களே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சரிபார்க்கச் சொல்கிற ஆளை நம்புவது வீட்டுக்கு இலேசு.

உள்ளூர் வெற்றிடத்துக்குப் பெயரைச் சொல்ல முடியாத நிலை வந்தால், சொல்ல முடிந்ததை எல்லாம் சொல்லுங்கள். என்ன தொழில், எந்த ஊர், எத்தனை பேர் வேலை செய்கிற இடம், பெயரை எந்தக் கட்டத்தில் சொல்வீர்கள். “உங்களுக்கு விருப்பம் என்றால் முதல் தொலைபேசிக் கதையிலேயே பெயரைச் சொல்லிவிடுவேன், அதற்கு முன் உங்கள் சீவியை யாருக்கும் அனுப்ப மாட்டேன்” என்று எழுதினால் பெரும்பாலானோருக்கு அது போதும்.

சம்பளத்தில் இந்தச் சலுகையும் வேண்டாம். “பேசித் தீர்மானிக்கலாம்” என்று எழுதினால் வாசிக்கிறவர் அதைக் குறைந்த சம்பளம் என்றுதான் எடுத்துக்கொள்வார். எத்தனையிலிருந்து எத்தனை வரை என்று ஒரு வீச்சைப் போடுங்கள். அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. இங்கே கொஞ்சம் அனுபவமுள்ள எவரும் அடுத்ததாகக் கேட்பது “ஈ.பி.எஃப். இருக்கா?” என்பதைத்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்.) முதலாளி 3 வீதம் என்பது சட்டம். ஆனால் சட்டத்தில் இருப்பதை எல்லா இடத்திலும் கட்டுவதில்லை என்பதைப் பட்டு அறிந்தவர்கள் இவர்கள். “முதல் மாதத்திலிருந்தே ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். உண்டு” என்ற ஒரு வரி, “கவர்ச்சிகரமான” என்ற சொல் பத்துத் தடவை செய்யாத வேலையைச் செய்யும். மாறாக, உங்கள் பக்கத்துச் சம்பளத்தைச் சொல்லாமல் “இப்போது எவ்வளவு எடுக்கிறீர்கள், சம்பளச் சீட்டை அனுப்புங்கள்” என்று முதலிலேயே கேட்பது ஆளை எரிச்சல்படுத்துகிற பழக்கம். அது ஒருபக்கப் பேரம்.

ஊர் விஷயத்தில் கொழும்பிலிருந்து வேலை செய்கிறவர்கள் தொடர்ந்து விடுகிற பிழை ஒன்று உண்டு. நீங்கள் அக்கரைப்பற்று ஆள், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, உங்கள் முகாமையாளருக்குச் சொல்லுங்கள். சீவியில் “அம்பாறை” என்று இருந்தால் அது மாவட்டம். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் அம்பாறை மாவட்டம்தான், ஆனால் கடற்கரையோரம். அம்பாறை நகரம் உள்நாட்டில் இருக்கிறது. திருக்கோவிலில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு “உங்கள் ஊரிலேயே வேலை” என்று சொல்லி அம்பாறை நகரத்து வெற்றிடத்தை அனுப்பினால், அவர் அக்கரைப்பற்றுக்கு வந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். மாலையில் ஐந்தரைக்கு வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சேருகிற பாட்டை யார் பார்ப்பது? அதேபோல “கிழக்கு மாகாணம்” என்று மட்டும் போடுவார்கள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளேயே வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ இருப்பவருக்கு நகரத்துக்கு வந்து போவது கல்லடியில் இருப்பவருக்குப் போல இல்லை. வேலை இடம் எந்தச் சந்திக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், சனிக்கிழமை உண்டா என்று எழுதுங்கள். பஸ்ஸை அவர்களே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் முதல் வரியிலேயே ஆளை இழப்பது இங்கேதான். எங்கள் ஆட்களின் பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். கந்தசாமி வினோதினி என்று சீவியில் இருந்தால், மென்பொருள் முதல் சொல்லை எடுத்து “வணக்கம் கந்தசாமி” என்று அனுப்பிவிடும். வினோதினிக்கு அவருடைய அப்பாவை விளித்து ஒரு மெசேஜ் போகிறது. அந்தத் தகப்பன் உயிரோடு இல்லாதவராகவும் இருக்கலாம். எங்கள் மாவட்டங்களில் அப்படியான வீடுகள் எத்தனை என்று நான் சொல்லத் தேவையில்லை. முஸ்லிம் ஆண்களுக்கு வேறு கோளாறு: “ஹாய் முகம்மது” என்று போகும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீட்டில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் முன்பெயர் முகம்மதாக இருக்கலாம், அவரை அழைக்கிற பெயர் இரண்டாவது. இந்த மெசேஜ் எனக்காக எழுதப்படவில்லை, பட்டியலில் இருந்த எல்லாருக்கும் போனது என்று அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு “உங்கள் அனுபவத்தைப் பார்த்து வியந்தேன்” என்று எழுதுவதை யார் நம்புவார்?

சீவியை வாசிக்காமல் அனுப்புவதும் இதோடு சேர்ந்தது. கணக்கியல் படித்தவருக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை, தாதிக்குக் கோல் சென்டர். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே தொண்டு நிறுவனங்களில் சேர்ந்து களத்தில் வேலை பழகியவர்கள் இருக்கிறார்கள். வரவுசெலவு, கொள்வனவு, கண்காணிப்பு அறிக்கை எல்லாம் கைவந்தவர்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தமாக வேலை செய்ததால் சீவியில் இடைவெளி இருக்கும். அதை வைத்து அவர்களுக்குப் பயிலுநர் வேலை அனுப்புகிறார்கள். அவமானமாக எடுத்துக்கொள்வார்கள், சொல்ல மாட்டார்கள், உங்கள் இலக்கத்தைத் தடுத்துவிடுவார்கள்.

தொலைபேசி அழைப்பைப் பற்றி: முன்னறிவிப்பில்லாமல் எடுக்காதீர்கள். வங்கிக் கருமபீடத்தில் இருக்கிறவர் முகாமையாளருக்கு முன்னால் “ஓம், வேறு வேலை பார்க்கிறேன்” என்று சொல்ல முடியாது. “எப்போது எடுக்கலாம், தமிழிலா சிங்களத்திலா ஆங்கிலத்திலா கதைக்க வசதி” என்று முதலில் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் நன்றாக அறிக்கை எழுதுகிற பிள்ளை, திடீரென்று சிங்களத்தில் வந்த அழைப்பில் தடுமாறி வைத்துவிடுவார். அதை வைத்து “தொடர்பாடல் திறன் போதாது” என்று எழுதிவிடுகிறார்கள். அது திறன் பரீட்சையே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஆண்களுக்கு எடுக்காதீர்கள், ஜும்மா நேரம். இரவு எட்டுக்குப் பிறகு யாருக்கும் வேண்டாம். அதிலும் ஒரு பெண்ணுக்கு இரவு பத்தரைக்கு, “டியர்” என்று தொடங்கி ஒரு ஆண் அனுப்புகிற மெசேஜ் வேலை விஷயமாகவே இருந்தாலும் வீட்டில் அது வேறு கேள்விகளைக் கிளப்பும். “கல்யாணம் ஆகிவிட்டதா? பிள்ளை எப்போது?” என்று கேட்பதையும் விடுங்கள். இரவு நேர வேலையோ வெளியூர்ப் பயணமோ இருந்தால் அதைச் சொல்லிவிட்டு, செய்ய முடியுமா என்று கேட்டால் போதும். முடிவை அவர் எடுப்பார்.

ஆவணங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. முதல் மெசேஜிலேயே அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம், சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள், கிராம சேவகர் சான்று என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரிவு ஆகும் முன் அவற்றுக்கு எந்தத் தேவையும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதிலிருந்து இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாகப் பார்க்கவும் முடியாது. என்ன நோக்கத்துக்கு வாங்குகிறோம், யாரிடம் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாங்குகிற பழக்கத்தை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்காமல் சீவியை அனுப்புவதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிற பழக்கம். கொழும்பில் ஒரு சீவி பத்துக் கம்பனிக்குப் போனாலும் ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மட்டக்களப்பில் அப்படி இல்லை. நீங்கள் சீவி அனுப்புகிற இடத்து மனிதவள அதிகாரியும், அந்த ஆள் இப்போது வேலை செய்கிற இடத்து முகாமையாளரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களாக இருப்பார்கள். இல்லாவிட்டால் மச்சான்மாராக இருப்பார்கள். பின்னேரம் கோயிலடியிலோ பள்ளியடியிலோ சந்தித்தால் “உன்னுடைய கணக்காளர் இங்கே விண்ணப்பித்திருக்கிறாரே” என்று ஒரு கதை போகும். அடுத்த நாள் அந்த மனிதர் இருந்த வேலையிலும் நிம்மதியாக இருக்க முடியாது. விண்ணப்பித்ததே அவருக்குத் தெரியாது. சீவிகளை வட்ஸ்அப் குழுக்களில் போடுவது இதைவிட மோசம். ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கடைசியில் ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, பிறகு முடிவு சொல்லாமல் விடுவது. கொழும்பில் காலை ஒன்பதரைக்கு நேர்முகம் என்றால் இங்கிருந்து ஒருவர் முதல் நாள் இரவு பஸ்ஸோ ரயிலோ ஏறுகிறார். இரவு முழுக்கப் பயணம். கோட்டையில் இறங்கி முகம் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு போகிறார். அங்கே பதினைந்து நிமிடம் கதைத்து “அறிவிப்போம்” என்கிறார்கள். பதினைந்து நிமிடக் கதையை சூம் வழியாகவே கதைத்திருக்கலாம், முதல் சுற்றுக்கு ஆளை வரவழைக்காதீர்கள் என்று கம்பனிகளிடம் சொல்லுங்கள். வரத்தான் வேண்டும் என்றால் போக்குவரத்துச் செலவை யார் கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் பாதை மூடுகிற நாட்களும் வரும், திகதியை மாற்ற இடம் வைக்கச் சொல்லுங்கள்.

பயணத்தை எங்கள் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற மௌனத்தை மன்னிக்க மாட்டார்கள். “எடுக்கவில்லை” என்று சொல்ல நமக்குச் சங்கடம், அதனால் சொல்லாமல் விடுகிறோம். அந்த வீட்டில் இரண்டு கிழமை எல்லாரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டுக்குப் போவதா, இருக்கிற வேலையில் இருப்பதா, பதிவுக் கட்டணம் கட்டி அடுத்த படிப்பைத் தொடங்குவதா என்று பல முடிவுகள் அந்த ஒரு பதிலுக்காக நிற்கும். நேர்முகம் முடிந்து ஒரு கிழமைக்குள் முடிவு வராவிட்டாலும் “இன்னும் முடிவாகவில்லை, வரும் புதன்கிழமை சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். புதன்கிழமை மறக்காமல் சொல்லுங்கள். இல்லை என்றால் இல்லை என்று, முடிந்தால் காரணத்தோடு. அந்த ஆள் தன் நண்பர்களிடம் உங்களைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதுதான் நீங்கள் அடுத்து எழுதுகிற பத்துப் பேருக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

நீங்கள் அனுப்பக்கூடிய மாதிரி மெசேஜ் ஒன்று தருகிறேன். இப்படியே அனுப்ப வேண்டாம், உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

“வணக்கம் வினோதினி. நான் இன்னார், கொழும்பில் உள்ள இன்ன ஆட்சேர்ப்பு நிறுவனத்துக்காக அக்கரைப்பற்றிலிருந்து வேலை செய்கிறேன். கல்முனையில் உள்ள இன்ன கம்பனியில் உதவிக் கணக்காளர் வெற்றிடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் நான்கு வருடம் கணக்காய்வில் இருந்ததைப் பார்த்து எழுதுகிறேன். அடிப்படைச் சம்பளம் 85,000 முதல் 1,00,000 ரூபாய் வரை, ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப். உண்டு. திங்கள் முதல் வெள்ளி, காலை 8.30 முதல் 5.00 வரை, சனி அரைநாள். விருப்பம் என்றால் எப்போது, எந்த மொழியில் கதைக்கலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சம்மதிக்கும் வரை உங்கள் விபரம் யாருக்கும் போகாது. விருப்பமில்லை என்று ஒரு சொல் எழுதினாலும் போதும், மறுபடி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.”

கடைசி வரியை எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும். பதில் வராவிட்டால் நான்கைந்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். “இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் வாய்ப்புப் போய்விடும்” என்று மூன்று நாள் தொடர்ந்து அனுப்பாதீர்கள். அவசரப்படுத்துகிறவரைக் கண்டால் வீட்டுக்காரர் இன்னும் பின்வாங்குவார்கள்.

இவ்வளவு விபரம் கம்பனி தந்தால்தானே எழுதலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் உங்கள் முகாமையாளர் வேலை செய்ய வேண்டும். வெற்றிடத்தைக் கையில் எடுக்கும்போதே சம்பள வீச்சு, வேலை இடம், நேரம், நேர்முகம் எத்தனை சுற்று, முடிவு எத்தனை நாளில் என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தர மறுக்கிற கம்பனியின் வெற்றிடத்தைப் பட்டியலின் அடியில் போட்டுவிட்டு, தருகிற கம்பனிக்கு முதலில் ஆள் தேடுங்கள். இரண்டு மாதம் அப்படிச் செய்து, எந்த மெசேஜுக்கு எத்தனை பதில் வந்தது என்று குறித்துக் காட்டுங்கள். கிழக்கு ஆட்களுக்கு ஆர்வம் இல்லை என்ற கதைக்கு உங்கள் கணக்கே பதில் சொல்லும்.

நாளைக்கே தொடங்குவதென்றால், இதுவரை நேர்முகத்துக்குப் போய்விட்டு முடிவு தெரியாமல் இருக்கிறவர்களின் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவரையும் அழைத்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள். புது ஆட்களுக்கு எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.